ஹைதர் அலி அனுப்பாத கப்பல்

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து வந்து சாப்பாட்டுக்கு உட்காரும்போது எங்கள் மஹல்லா வட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்து விழுந்தது. மைசூர் மன்னர் ஹைதர் அலி, ஜோர்ஜ் வாஷிங்டனுக்குப் போர்க்கப்பல் ஒன்றை அனுப்பினாராம். அந்தக் கப்பல் ஆங்கிலேயரைத் தோற்கடித்ததால்தான் அமெரிக்காவுக்குச் சுதந்திரம் கிடைத்ததாம். இந்த வரலாற்றை மறைத்துவிட்டார்களாம், பத்துப் பேருக்கு அனுப்ப வேண்டுமாம். சாப்பிட்டு முடிப்பதற்குள் கீழே மாஷா அல்லாஹ்க்கள் வரிசையாக ஏறிவிட்டன.

இப்படி வருகிற செய்திகளை நான் பார்த்துவிட்டு அழித்துவிடுவது வழக்கம். இதை அழிக்க முடியாமல் போனது பேரனால். பதின்மூன்று வயது. பாடசாலைப் பேச்சுப் போட்டிக்கு இதையே தலைப்பாக எடுத்துக்கொண்டு, அன்று அஸருக்கு முன்பே ஒரு பக்கம் எழுதி முடித்துவிட்டான். கொண்டுவந்து என்னிடம் காட்டினான். நான் கோட்டையில் ஒரு கப்பல் முகவர் நிறுவனத்தில் முப்பத்தொரு வருடம் வேலை செய்தவன். கப்பல் பற்றிய எதுவானாலும் எங்கள் வீட்டில் என்னிடம்தான் வரும்.

அது பொய் என்று ஒரே சொல்லில் முடித்திருக்கலாம். ஆனால் முழுப் பொய்யும் அல்ல. ஹைதர் அலி என்ற பெயரில் ஒரு கப்பல் இருந்தது. அது 1782ஆம் ஆண்டு அமெரிக்கக் கடலில் ஓர் ஆங்கிலக் கப்பலோடு தனியே நின்று போரிட்டு வென்றது. ஹைதர் அலி அதை அனுப்பவில்லை, அவ்வளவுதான். அனுப்பியிருந்தால் அது ஒரு அரசர் செய்த உதவி என்ற அளவோடு முடிந்திருக்கும். அவர் அனுப்பாமலே பத்தாயிரம் மைல் தொலைவில் உள்ள, அவருடைய மார்க்கமும் மொழியும் தெரியாத மனிதர்கள் தங்கள் கப்பலுக்கு அவர் பெயரை வைத்தார்கள் என்பது எனக்கு அதைவிடப் பெரிய விடயமாகப் படுகிறது. அந்த மாலையும் அடுத்து வந்த சில மாலைகளும் தெஹிவளைக் கடற்கரையில், ரெயில் பாதைக்கு அப்பால் உள்ள கற்களில் உட்கார்ந்து, பேரனுக்கு அந்த மனிதரின் கதையைச் சொன்னேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஹைதர் பிறந்தது கோலாருக்கு அருகே புடிகோட்டையில், 1720 அல்லது 1722இல். தந்தை பத்ஹ் முஹம்மத் சீராப் பகுதி ஆட்சியாளரிடம் படைத்தலைவராக இருந்தவர். போரில் அவர் இறந்தபோது ஹைதருக்கு ஏழெட்டு வயது. தந்தை வைத்துவிட்டுப் போனது கடன் மட்டும்தான். அப்பாஸ் குலி கான் என்பவர் அந்தக் கடனைக் காரணம் காட்டி வீட்டில் இருந்ததையெல்லாம் பறித்துக்கொண்டார். அது போதாமல் ஹைதரையும் அண்ணன் ஷஹ்பாஸையும் பெரிய முரசுக்குள் அடைத்து, தாயிடமிருந்து பணம் வரும்வரை அதன்மேல் அடித்தார் என்று பழைய வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். பிற்காலத்தில் ஹைதர் அந்த ஊரைப் பிடித்தபோது அப்பாஸ் குலி கான் மதராசுக்கு ஓடினார். மைசூர்க் குதிரைப்படை மதராசுக்குப் பக்கத்தில் வந்தபோது தரையில் இருக்கப் பயந்து ஓட்டைக் கப்பல் ஒன்றில் ஏறிக் கடலில் உட்கார்ந்திருந்தாராம். விட்டுப்போன அவருடைய தாயாரை ஹைதர் மரியாதையோடு நடத்தினார் என்றும் அதே புத்தகங்கள் சொல்கின்றன. அந்த முரசுக் கதையைச் சொன்னபோது பேரன் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

அவர் எழுதப் படிக்கத் தெரியாதவர். தன் பெயரின் முதல் எழுத்தை மட்டும் கையெழுத்தாக இடப் பழகியிருந்தார், அதையும் தலைகீழாகத்தான் போடுவார். ஆனால் பல மொழிகள் பேசுவார். கணக்கை மனத்திலேயே போடுவார். ஒருவர் கடிதம் வாசிக்க, இன்னொருவர் கணக்குச் சொல்ல, மூன்றாமவருக்கு உத்தரவு கொடுப்பார். தாடி, மீசை, புருவம் வரை மழித்த முகம். அரச வம்சமும் இல்லை, ஆலிம் குடும்பமும் இல்லை. மைசூர்ப் படையில் அண்ணனின் கீழ் சேர்ந்து, 1749இல் தேவனஹள்ளி முற்றுகையில்தான் முதன்முதலாக மேலிடத்தின் கண்ணில் பட்டார். அப்போதே வயது முப்பதை நெருங்கியிருந்தது.

நமக்கு அவர் அந்நியர் அல்லர். அவருடைய ஏற்றம் தொடங்கியது தமிழ் மண்ணில். 1755இல் அவரைத் திண்டுக்கல்லின் ஃபவ்ஜ்தாராக, அதாவது படைப் பொறுப்போடு கூடிய ஆளுநராக நியமித்தார்கள். அங்கேதான் பிரெஞ்சுக்காரர்களின் உதவியோடு ஆயுதச்சாலை அமைத்து, பீரங்கி வார்க்கவும் சிப்பாய்களை ஐரோப்பிய முறையில் பழக்கவும் தொடங்கினார். சிவகங்கைச் சீமையின் அரசர் முத்துவடுகநாதர் 1772இல் காளையார்கோவிலில் கொல்லப்பட்டபோது, ராணி வேலு நாச்சியார் தஞ்சம் புகுந்தது திண்டுக்கல்லுக்கு அருகே விருப்பாட்சியில். எட்டு வருடங்களுக்குப் பிறகு அவர் தன் நாட்டை மீட்டது ஹைதர் கொடுத்த படையைச் சேர்த்துக்கொண்டுதான். இந்த ஒரு விடயத்தை நம் பிள்ளைகளுக்கு யாரும் அனுப்புவதில்லை. வட்ஸ்அப்புக்கு அமெரிக்காதான் வேண்டியிருக்கிறது.

1761இல் மைசூரின் முழு அதிகாரமும் அவர் கைக்கு வந்தது. உடையார் மன்னர் பெயரளவில் சிம்மாசனத்தில் இருந்தார். அந்த வழியில் நன்றிகெட்ட செயல்களும் இருந்தன, தந்திரங்களும் இருந்தன. அவருக்கு எதிராகத் திரும்பிய கண்டே ராவை, கிளியைப் போல வைத்துப் பார்த்துக்கொள்வேன் என்று அரண்மனைப் பெண்களுக்குக் கொடுத்த வாக்கின்படியே இரும்புக்கூட்டில் அடைத்து, பாலும் சோறும் கொடுத்து வைத்திருந்தார். இதை வீரமாகச் சொல்லிச் சிரிப்பவர்கள் உண்டு. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

1763இல் பெத்னூரைப் பிடித்தார். பெரும் செல்வம் கிடைத்தது, கூடவே மங்களூர் பக்கத்துக் கடற்கரையும் கிடைத்தது. உள்நாட்டு மனிதர் ஒருவர் அன்று கடலைப் பார்த்தார். கப்பல் கட்டினார். கண்ணூர் அலி ராஜாவைக் கடற்படைக்குத் தலைவராக்கினார். அந்தப் படை மாலைதீவு வரை போய் அங்கிருந்த சுல்தானைப் பிடித்து வந்ததாகவும், அவருடைய கண்கள் பறிக்கப்பட்டிருந்ததைக் கண்டு ஹைதர் கோபப்பட்டு, அலி ராஜாவிடமிருந்து கப்பல்களைத் திருப்பி வாங்கிக்கொண்டு சுல்தானிடம் மன்னிப்புக் கேட்டதாகவும் ஒரு கதை வழங்குகிறது. கடற்படை மட்டும் அவருக்குக் கடைசிவரை வாய்க்கவில்லை. 1768இல் பம்பாயிலிருந்து வந்த ஆங்கிலக் கப்பல்கள் மங்களூரைத் தாக்கியபோது அவருடைய கப்பல்கள் பறிபோயின. மறுபடி கட்டினார். அதற்கு நடந்தது பிறகு.

ஆங்கிலேயரோடு நடந்த முதல் போரில் 1769இல் அவர் மதராஸ் கோட்டைக்குச் சில மைல் தூரத்தில், பரங்கிமலைப் பக்கம் வந்து நின்று, தன் நிபந்தனைப்படி கும்பனியாரைக் கையெழுத்திட வைத்தார். யார் தாக்கினாலும் ஒருவருக்கொருவர் உதவ வேண்டும் என்பது அந்த உடன்படிக்கையில் இருந்தது. அடுத்த சில வருடங்களிலேயே மராட்டியர் மைசூருக்குள் நுழைந்தார்கள். ஹைதர் உதவி கேட்டார், கும்பனியார் அசையவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத மனிதர் அந்தக் காகிதத்தை மறக்கவில்லை.

இங்கேதான் அமெரிக்கா வருகிறது. 1776இல் பதின்மூன்று குடியேற்றங்கள் பிரித்தானியாவிடமிருந்து பிரிந்ததாக அறிவித்தன. 1778இல் பிரான்ஸ் அவர்கள் பக்கம் போரில் இறங்கியது. அந்தச் செய்தி வந்ததும் ஆங்கிலேயர் இந்தியாவில் பிரெஞ்சுக்காரரின் புதுச்சேரியைப் பிடித்தார்கள். 1779 மார்ச்சில் மாஹேயையும் பிடித்தார்கள். மாஹே, ஹைதருக்கு ஆயுதங்கள் வந்து இறங்கும் துறைமுகம். தொடாதே என்று அவர் எச்சரித்திருந்தார். ஆக, பொஸ்டனில் தொடங்கிய சண்டை மலபார்க் கரையில் ஒரு சிறு துறைமுகத்தின் வழியாக மைசூர் வாசலுக்கு வந்து சேர்ந்தது.

1780 ஜூலையில் ஹைதர் ஏறத்தாழ தொண்ணூறாயிரம் பேரோடு மலைக் கணவாய்களைக் கடந்து இறங்கினார். செப்டெம்பர் 10, காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூர். கேணல் பெய்லியின் கீழ் சுமார் 3,800 பேர் கொண்ட ஆங்கிலப் படையை ஹைதரும் மகன் திப்புவும் சுற்றி வளைத்தார்கள். மைசூரின் இரும்புக்குழாய் ரொக்கெட்டுகள் பறந்தன. ஆங்கிலேயரின் வெடிமருந்து வண்டிகள் வெடித்தன. மாலைக்குள் அந்தப் படை இல்லாமல் போனது, பெய்லி கைதியானார். சில மைல் தொலைவில் இருந்த ஜெனரல் மன்றோ, பக்ஸாரில் வென்ற அதே மன்றோ, தன் பெரிய பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டு மதராசுக்குப் பின்வாங்கினார். இந்தியாவில் கும்பனியார் அதுவரை வாங்கிய அடிகளில் அதுவே பெரியது. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தரியா தவ்லத் மாளிகையின் சுவரில் அந்தப் போர் ஓவியமாக இருக்கிறது. போனவர்கள் பார்த்திருப்பீர்கள்.

இந்த வெற்றியைச் சொல்லும்போது மற்றதையும் சொல்லத்தான் வேண்டும். ஆங்கிலேயருக்கு உணவு கிடைக்கக்கூடாது என்பதற்காக ஹைதரின் குதிரைப்படை மதராசைச் சுற்றிய ஊர்களை எரித்தது. எரிந்தது கும்பனியாரின் சொத்து அல்ல. ஆர்க்காட்டுச் சீமையின் தமிழ்க் குடியானவர்களின் வயலும் வீடும். ஏரிக்கரைகள் உடைக்கப்பட்டன, பஞ்சம் வந்தது. குடகிலும் மலபாரிலும் அவருடைய படை நடந்துகொண்ட விதத்தை அங்குள்ளவர்கள் இன்றும் மறக்கவில்லை. அவருக்குக் கணக்குப் பார்த்தவரும் நெருங்கிய ஆலோசகருமான பூர்ணையா ஒரு பிராமணர், அவர் ஆட்சியில் கோயில்களுக்கு மானியம் போனது என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்துச் சொல்லாதவனை நான் நம்புவதில்லை, அவன் எந்தப் பக்கத்தில் நின்று பேசினாலும் சரி. நம்முடைய நாட்டில், நம் ஊர்கள் பட்டதை மற்றவர்கள் சொல்லாமல் விடும்போது நமக்கு எப்படி இருக்கிறது என்று யோசித்தால் போதும்.

1780 டிசெம்பரில், பொள்ளிலூருக்கு மூன்று மாதம் கழித்து, அட்மிரல் எட்வர்ட் ஹியூஸ் மங்களூருக்குள் நுழைந்து ஹைதரின் கப்பல்களை அழித்தார். இரண்டாம் முறை கட்டிய கடற்படையும் போயிற்று. இந்த ஹியூஸ் என்ற பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். 1782 ஜனவரியில் ஒல்லாந்தரிடமிருந்து திருகோணமலையைப் பிடித்தவரும் இவரே.

பொள்ளிலூர்ச் செய்தி கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போய், அங்கிருந்து அமெரிக்காவுக்கும் போய்ச் சேர்ந்தது. ஆங்கிலேயரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு, உலகின் மறுபுறத்தில் அவர்களை அடித்த ஒரு மனிதனின் பெயர் கிடைத்தது. பிலடெல்பியாவில் ஒரு வணிகக் கப்பலுக்கு அந்தப் பெயரை வைத்தார்கள், அவர்கள் உச்சரித்தபடி ஹைடர் அலி என்று. டெலவெயார் ஆற்றின் வாயில் ஆங்கிலக் கப்பல்களும் கொள்ளைப் படகுகளும் வணிகர்களை வாட்டிக்கொண்டிருந்த காலம். பென்சில்வேனியா மாநிலத்தார் இந்தக் கப்பலில் 16 பீரங்கிகளை ஏற்றி, 110 பேரைச் சேர்த்து, ஜோஷுவா பார்னி என்ற இளைஞரிடம் ஒப்படைத்தார்கள். அவருக்கு வயது 22. இங்கிலாந்துச் சிறையிலிருந்து தப்பி அப்போதுதான் ஊர் வந்து சேர்ந்திருந்தார். ஆள் சேர்ப்பதற்காகப் பிலிப் ஃப்ரெனோ என்ற கவிஞர் கப்பலின் பெயரை வைத்துப் பாட்டே எழுதிக் கொடுத்தார்.

1782 ஏப்ரல் 8. வணிகக் கப்பல்கள் சிலவற்றைக் காவல் காத்துக்கொண்டு ஹைதர் அலி விரிகுடாவின் வாயில், கேப் மே அருகே நின்றது. மூன்று ஆங்கிலக் கப்பல்கள் வந்தன. குவிபெக் பெரிய போர்க்கப்பல், அதற்கு ஆழம் வேண்டும், மணல்திட்டுகளைத் தாண்டி உடனே உள்ளே வர முடியவில்லை. ஃபெயார் அமெரிக்கன் என்பது வணிகக் கப்பல்களைத் துரத்திப் போய்த் தரைதட்டி நின்றுவிட்டது. மிஞ்சியது ஜெனரல் மங்க். ஹைதர் அலியைவிடப் பெரிய பீரங்கிகள், ஆட்களும் அதிகம், 136 பேர். பார்னியின் பீரங்கிகளில் பெரும்பாலானவை ஆறு இறாத்தல் குண்டு போடுபவை. எதிரியினுடையவை ஒன்பது இறாத்தல்.

கப்பல் தொழிலில் இருந்தவன் என்ற முறையில் இந்த இடம் எனக்குப் பிடித்தமானது. அந்தக் காலத்துப் போர்க்கப்பலுக்குப் பீரங்கிகள் பக்கவாட்டில்தான் இருக்கும். தன் பக்கத்தை எதிரியின் மூக்குக்கு நேரே கொண்டுவருபவன் சுடலாம், மற்றவன் சுட முடியாது. பார்னி சுக்கான் பிடிப்பவனிடம் முன்பே சொல்லிவைத்திருந்தார், நான் சத்தம் போட்டு எந்தப் பக்கம் திருப்பச் சொல்கிறேனோ அதற்கு எதிர்ப்பக்கம் திருப்பு என்று. ஜெனரல் மங்க் காது கேட்கும் தூரத்துக்கு வந்ததும் உரக்க உத்தரவிட்டார். ஆங்கிலக் கப்பலில் இருந்தவர்கள் அதைக் கேட்டு, அதற்கேற்பத் தங்கள் கப்பலைத் திருப்பினார்கள். ஹைதர் அலி மறுபக்கம் திரும்பியது. ஜெனரல் மங்கின் முன்னால் நீட்டிக்கொண்டிருந்த மரக்கம்பு ஹைதர் அலியின் பாய்மரக் கயிறுகளில் சிக்கிக்கொண்டது. இனி விலகவும் முடியாது, பக்கத்தைத் திருப்பிச் சுடவும் முடியாது. அந்த நிலையில் அதன் முழு நீளத்துக்கும் குண்டுகள் பாய்ந்தன. 26 நிமிடம். அமெரிக்கர் கணக்கின்படி ஜெனரல் மங்கில் 20 பேர் இறந்தார்கள், 33 பேர் காயப்பட்டார்கள். ஹைதர் அலியில் இறந்தவர்கள் 4, காயப்பட்டவர்கள் 11. ஆங்கிலக் கொடி இறங்கியது.

பிடிபட்ட கப்பலுக்கு ஒரு பழைய கதை உண்டு. அது முதலில் அமெரிக்கர்களுடையது. அப்போது அதன் பெயர் ஜெனரல் வாஷிங்டன். ஆங்கிலேயர் 1780இல் அதைப் பிடித்துப் பெயரை மாற்றியிருந்தார்கள். ஆகவே அன்று டெலவெயாரில் நடந்தது, ஹைதர் அலி ஜெனரல் வாஷிங்டனை மீட்டதுதான். கப்பலை, மனிதரை அல்ல. எங்கள் வட்ஸ்அப் செய்தியின் விதை இங்கேதான் விழுந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். பழைய பெயரை மறுபடி பெற்ற அந்தக் கப்பலில்தான் மறுவருடம் மார்ச் மாதம் பார்னி பாரிசிலிருந்து சமாதான உடன்படிக்கைச் செய்தியைப் பிலடெல்பியாவுக்குக் கொண்டுவந்தார். ஆனால் அந்த ஒரு சண்டையால் சுதந்திரம் கிடைக்கவில்லை. யோர்க்டவுனில் கோர்ன்வாலிஸ் சரணடைந்தது ஆறு மாதம் முன்பே நடந்துவிட்டது. அதே கோர்ன்வாலிஸ் பத்து வருடம் கழித்து ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு வந்து திப்புவிடம் பாதி நாட்டைப் பிடுங்கிக்கொண்டு போனது வேறு கதை.

அந்த ஏப்ரல் 8க்கு நான்கு நாள் கழித்து, 12ஆம் திகதி, திருகோணமலைக்குத் தெற்கே நம் கிழக்குக் கடலில் பிரெஞ்சு அட்மிரல் சுஃப்ரேனும் ஹியூஸும் மோதினார்கள். வெற்றி தோல்வி தெளிவாக இல்லை. சுஃப்ரேன் வந்தது ஹைதருக்குத் துணையாக. ஜூலையில் கடலூர்ப் பக்கம் இருவரும் நேரில் சந்தித்தார்கள். ஓகஸ்ட் இறுதியில் சுஃப்ரேன் திருகோணமலையை ஹியூஸின் ஆட்களிடமிருந்து பிடித்தார். நம் ஊர்த் துறைமுகம் கைமாறியதற்கும் ஆர்க்காட்டில் ஹைதர் கூடாரமடித்திருந்ததற்கும் டெலவெயாரில் குண்டு வெடித்ததற்கும் ஒரே போர்தான் காரணம். பாடப்புத்தகத்தில் இது மூன்று வேறு பாடமாக வருகிறது.

ஆனால் ஹைதருக்குக் காலம் முடிந்துகொண்டிருந்தது. 1781 ஜூலை முதலாம் திகதி பரங்கிப்பேட்டையில் சேர் அயர் கூட்டிடம் தோற்றார். அந்தக் கூட்டுக்கு உணவும் மருந்தும் கடல்வழி வந்தன. தரையில் ஆங்கிலேயரை எத்தனை முறை அடித்தாலும் கடல் அவர்களுக்குத் திரும்பத் திரும்ப ஆளும் அரிசியும் கொண்டுவந்து இறக்கியது. கடலை வற்றவைக்கத் தன்னால் முடியாது என்று கடைசிக் காலத்தில் பூர்ணையாவிடம் வருந்தினார் என்பார்கள். இரண்டு முறை கப்பல் கட்டி இரண்டு முறையும் இழந்தவரின் வருத்தம் அது. முதுகில் வந்த கட்டி முற்றி, 1782 டிசெம்பர் 7ஆம் திகதி, சித்தூர் அருகே நரசிங்கராயன்பேட்டைப் பாசறையில் வபாத்தானார். மலபாரில் இருந்த திப்பு வந்து சேரும்வரை பூர்ணையாவும் மற்றவர்களும் செய்தியை வெளியே விடாமல் காத்தார்கள். உடல் முதலில் கோலாரில் தந்தையின் அருகே வைக்கப்பட்டு, பின்னர் ஸ்ரீரங்கப்பட்டணம் கும்பஸில் அடக்கப்பட்டது. 1799இல் திப்புவும் அங்கேயே வந்து சேர்ந்தார். திப்புவின் கோட்டையைத் தாக்கிய படைகளில் டி மியூரோன் என்ற சுவிஸ் படையணியும் ஒன்று. அதற்குச் சில வருடம் முன்புவரை ஒல்லாந்தர் சம்பளத்தில் இலங்கையைக் காவல் காத்தவர்கள் அவர்கள்.

பார்னி நெடுநாள் வாழ்ந்தார். 1814இல் வாஷிங்டன் நகருக்கு வெளியே பிளேடன்ஸ்பேர்க்கில் ஆங்கிலேயரை எதிர்த்து நின்றபோது அவர்கள் எய்தது கொங்கிரீவ் ரொக்கெட்டுகளை. அவை மைசூர் ரொக்கெட்டுகளைக் கொண்டுபோய்ப் பார்த்துச் செய்யப்பட்டவை. ஹைதரின் பெயர் தாங்கிய கப்பலில் வென்றவர், ஹைதரின் ஆயுதத்தின் வாரிசை எதிரியின் கையில் பார்த்தார். அன்று காயப்பட்டுக் கைதியும் ஆனார்.

பேரன் பேச்சை மறுபடி எழுதினான். அனுப்பினார் என்று இருந்த இடங்களையெல்லாம் சிவப்பு மையால் வெட்டினான். எரிந்த ஊர்களைப் பற்றிச் சொல்ல வேண்டுமா என்று கேட்டான், உனக்கு மூன்று நிமிடம்தான் இருக்கிறது, நீயே முடிவு செய் என்றேன். சொன்னான். இரண்டாம் இடம் கிடைத்தது. மஹல்லா குழுவில் நான் போட்ட திருத்தத்துக்கு இதுவரை ஒரேயொரு பதில் வந்திருக்கிறது, அந்தக் கப்பலின் படம் இருந்தால் அனுப்புங்கள் என்று.